ஓரல் பேத்தாலஜிக்கு ஆன்கி: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

பி.டி.எஸ். (பல் மருத்துவப் பட்டம்) கடைசி வருடத்திலிருந்து எம்.டி.எஸ். (அதன் மேற்படிப்பு) நுழைவுத் தேர்வு வரைக்கும் ஓரல் பேத்தாலஜி, அதாவது வாய், தாடை நோய்களைப் பற்றிய பாடத்தின் ரிவிஷனுக்கு, ஆன்கி ஆப்பின் ஃபிளாஷ் கார்டுகளைத்தான் (கேள்வி-விடைக் கார்டுகள்; இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும்) நம்பியிருந்தேன். நன்றாகவே கைகொடுத்தது, ஆனால் கார்டை நாமே எழுத வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பில் லீசெகாங் வளையம் தெரிந்தால் பிண்ட்போர்க் கட்டி, வெரோகே பாடி தெரிந்தால் ஷ்வான்னோமா என்ற நரம்புறைக் கட்டி. இப்படி ஒரு வரிக் கார்டுகள் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும், மார்க் போவது அங்கே இல்லை. கீழ்த்தாடையின் பின்பகுதியில் பல அறைகளாகத் தெரியும் ஒரு எக்ஸ்ரேயைக் கொடுத்து இது அமெலோபிளாஸ்டோமாவா (ஒரு தாடைக் கட்டி) ஓ.கே.சி.யா (ஓடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட், தாடைக்குள் வரும் பை போன்ற சிஸ்ட்) என்று கேட்கும்போதுதான் போகிறது. அதனால் குழப்பும் ஜோடிகளுக்கென்றே ஒப்பீட்டுக் கார்டு எழுத ஆரம்பித்தேன். ஓ.கே.சி. எலும்புக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நீண்டு வளரும், வெளியே வீக்கம் அவ்வளவாகத் தெரியாது. அமெலோபிளாஸ்டோமா கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் தாடையை உப்ப வைத்துவிடும். மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் பார்த்தால் ஓ.கே.சி.யின் எபிதீலியம் (மேற்பரப்பை மூடும் செல் அடுக்கு) 6 முதல் 8 செல் கனத்தில் ஒரே சீராக ஓடும், மேலே நெளிநெளியாகப் பாராகெரட்டின் படலம் இருக்கும். கொப்புளம் வரும் நோய்களான பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்டு ஜோடியும் அப்படித்தான்: பெம்ஃபிகஸில் அடிவரிசை செல்கள் மட்டும் கீழேயே ஒட்டி நிற்கும், பெம்ஃபிகாய்டில் எபிதீலியம் முழுசாகக் கழன்று மேலே வந்துவிடும். இதைப் படத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் மாட்டாது.

ஆன்கியில் எனக்கு மிகவும் பிடித்தது படத்தின் ஒரு பகுதியை மறைத்துக் கேட்கும் வசதி, ஹிஸ்டாலஜி (திசுவியல்) ஸ்லைடுகளுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஒரு குறை உண்டு. அதே படம் திரும்பத் திரும்ப வந்தால் கண் நோயைப் பார்ப்பதில்லை, படத்தின் மூலையில் இருக்கும் ஒரு மடிப்பையோ சாயத் திட்டையோ வைத்து அடையாளம் சொல்லிவிடுகிறது, நமக்கோ தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. ஒவ்வொரு நோய்க்கும் வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று நான்கு ஸ்லைடாவது போட்டு வையுங்கள்.

மற்றவர்கள் செய்து வைத்த ரெடிமேட் டெக்குகளை (கார்டுத் தொகுப்புகளை) அப்படியே இறக்கிப் படிக்காதீர்கள். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் ஓ.கே.சி.யைக் கட்டி வகையில் சேர்த்தது, 2017-இல் மறுபடியும் சிஸ்ட் பட்டியலுக்கே கொண்டுவந்துவிட்டது. கால்சிஃபையிங் ஓடோன்டோஜெனிக் சிஸ்ட்டுக்கும் இதே கதைதான். நான் பார்த்த சில டெக்குகளில் இன்னும் கட்டி என்ற பழைய பெயரே இருக்கிறது. தவறான விடைக்கு மார்க் கழிக்கும் தேர்வில் இது வலிக்கும்.

அப்புறம், கிளினிக்கல் போஸ்டிங் (நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி) நெருக்கத்தில் சில நாள் விட்டால் கார்டுகள் மலையாகக் குவிந்துவிடும். அப்போது புதிய கார்டை நிறுத்திவிட்டு பாக்கியை மட்டும் முடிப்பது நல்லது. தேர்வு நெருங்கும்போது ஒரு வரிக் கார்டுகளை ஒதுக்கிவிட்டுப் படக் கார்டும் ஒப்பீட்டுக் கார்டும் மட்டும் ஓட்டினேன். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோன் ஆப்புக்கு மட்டும் காசு கட்ட வேண்டும்.