கார் ஏசில கூலிங் போச்சா? கேஸ் அடிக்கிறதா, லீக் தேடுறதா

கார் ஏசில கூலிங் கொறஞ்ச உடனே எல்லார் வாயிலயும் முதல்ல வர்றது "கேஸ் அடிச்சிடலாம்"தான். நானும் மூணு தடவ அப்படி அடிச்சேன், ஒவ்வொரு தடவையும் சில மாசம் ஜில்லுனு இருக்கும், அப்புறம் மெதுவா வெறும் காத்து வர ஆரம்பிக்கும், நாலாவது தடவ போனப்ப கம்ப்ரசரே ஜாம் ஆகி நின்னுடுச்சு. பிரிச்சுப் பாத்தா ஒரு பைப் ஜாயின்ட்ல ஓ-ரிங், அதாவது கசியாம இருக்கப் போடுற ரப்பர் வளையம், காஞ்சு போயிருந்துச்சு, அவ்வளவுதான் லீக். முதல் தடவையே அத தேடியிருந்தா அந்த ஓ-ரிங்கோட வேல முடிஞ்சிருக்கும். அதனாலதான் இந்த ரெண்டு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதணும்னு தோணுச்சு, நடுவுல இன்னொரு வழியும் இருக்கு, அதையும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் இல்ல. மூடின பைப்புக்குள்ள அதே கேஸ்தான் சுத்திச் சுத்தி வருது, கம்ப்ரசர் அமுக்குது, வண்டி முன்னாடி இருக்குற கண்டென்சர்ல சூட்ட விட்டுட்டு திரவமாகுது, எக்ஸ்பான்ஷன் வால்வு தாண்டினதும் டேஷ்போர்டுக்குள்ள இருக்குற கூலிங் காயில்ல சூட்ட இழுத்துக்கிட்டு மறுபடி ஆவியாகுது. ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல ரொம்பக் கொஞ்சம் கசியும், அது சகஜம். ஆனா ஒரே வருஷத்துல கூலிங் போற அளவுக்கு கேஸ் கொறஞ்சா எங்கயோ ஓட்ட இருக்குனுதான் அர்த்தம்.

எந்த வழிக்குப் போறதுக்கு முன்னாடியும், இது கேஸ் பிரச்சனதானானு பாக்கணும். இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. போனட்ட தொறந்து, ஏசிய ஃபுல்லா வச்சு, உள்காத்து சுத்துற மோடுல போட்டு ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. டேஷ்போர்டுக்குள்ள போற ரெண்டு அலுமினிய பைப் தெரியும், ஒண்ணு தடிமனா, ஒண்ணு ஒல்லியா. தடி பைப்ப தொட்டுப் பாருங்க (ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகாம பாத்துக்கங்க). அது நல்லா ஜில்லுனு வேர்த்து நிக்குது, ஆனா உள்ள வர்ற காத்து மட்டும் சூடா இருக்குன்னா, கேஸ் மேல பழி போடாதீங்க. ஹீட்டர் பக்கமும் ஏசி பக்கமும் காத்த திருப்பி விடுற ஃபிளாப் பாதில மாட்டியிருக்கலாம், டேஷ்போர்டுக்குள்ள டக் டக்குனு சத்தம் வந்தா அந்த ஃபிளாப் மோட்டார்தான்னு பெரும்பாலும் சொல்லிடலாம். டிரைவர் பக்கம் ஜில்லுனும் அந்தப் பக்கம் சூடாவும் வந்தா ஃபிளாப்பதான் முதல்ல சந்தேகப்படணும், ஆனா சில வண்டில கேஸ் கொறஞ்சாலும் இதே மாதிரி ஆகும்.

காத்து ஜில்லுனு வருது ஆனா கம்மியா வருதுன்னா கேபின் ஃபில்டர பாருங்க, சருகும் தூசியுமா அடைச்சிருக்கும். ப்ளோயர் கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடுதுன்னா அதோட ஸ்பீட கொறைக்கிற ரெசிஸ்டர் போச்சு. வண்டி ஓடும்போது கூலிங் இருக்கு, சிக்னல்ல நின்னா போயிடுதுன்னா கண்டென்சர் ஃபேன் ஓடுதானு பாருங்க, கண்டென்சர்ல மண் அடைச்சிருக்கானும் பாருங்க. ஒரு அர மணி நேரம் சூப்பரா இருந்துட்டு காத்தே கொறஞ்சு போய், கொஞ்ச நேரம் அணைச்சு வச்சா மறுபடி சரியாகுதுன்னா கூலிங் காயில் மேல ஐஸ் பிடிக்குது, அந்த காயில் டெம்பரேச்சர் சென்சர செக் பண்ணச் சொல்லுங்க. இதுல எதுக்குமே நேரா கேஸ் அடிக்கிறது மருந்து இல்ல. கேஸ் கொறஞ்சதுக்கான அறிகுறி வேற மாதிரி இருக்கும்: நாள் போகப் போக மெல்ல மெல்ல கூலிங் இறங்கும், கம்ப்ரசர இன்ஜின் பெல்ட்டோட சேத்துப் பிரிக்கிற கிளட்ச் சில செகண்டுக்கு ஒரு தடவ ஆன் ஆகி ஆஃப் ஆகிக்கிட்டே இருக்கும், தடி பைப் வேர்க்காது, எங்கயாவது ஜாயின்ட்ல எண்ண பிசுக்கோட தூசி ஒட்டியிருக்கும். இந்த எண்ணப் பிசுக்கு ரொம்ப நல்ல தடயம், ஏன்னா கேஸ் வெளிய போகும்போது உள்ள இருக்குற ஆயிலையும் கூட்டிக்கிட்டுப் போகும்.

சரி, கேஸ்தான் கொறஞ்சிருக்குனு தெரிஞ்சாச்சு. முதல் வழி, டாப்-அப், அதாவது கொறஞ்சதுக்கு மேல கேஸ் அடிக்கிறது. பிரஷர் காட்டுற கேஜ மாட்டுவாங்க, லோ சைடு (பிரஷர் கம்மியா இருக்குற பக்கம்) முள்ள பாத்துக்கிட்டே கேஸ விடுவாங்க, உள்ள கை வச்சுப் பாத்து "ஜில்லுனு வருது சார்"னு சொல்லி முடிச்சிடுவாங்க. அர மணி நேர வேல, செலவும் கம்மி, அன்னிக்கே கூலிங். இது மூணும் உண்மைதான், நான் மறுக்கல.

ஆனா முள்ள பாத்து கேஸ் அளக்கவே முடியாது. நெறைய கார்ல இருக்குற ஆர்134ஏ வகை கேஸ் 30 டிகிரி சூட்டுல, வண்டி அணைஞ்சு நின்னுக்கிட்டு இருக்கும்போது, கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) காட்டும், உள்ள 150 கிராம் இருந்தாலும் அதேதான், 500 கிராம் இருந்தாலும் அதேதான், கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்குற வரைக்கும் அந்த பிரஷர் சூட்டப் பொறுத்துதான் மாறும், அளவப் பொறுத்து இல்ல. ஓடும்போது காட்டுற பிரஷரும் வெளி வெயில், ஃபேன் ஸ்பீடு, இன்ஜின் ஸ்பீடு எல்லாத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். அதனால எவ்வளவு பழகின கைனாலும் கேஜ வச்சு குத்துமதிப்பாதான் சொல்ல முடியும். போனட்டுக்கு அடில ஒரு ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, எந்த கேஸ், எத்தன கிராம்னு அதுல போட்டிருக்கும். சின்ன கார்ல மொத்தமே 400, 450 கிராம்தான் பிடிக்கும், அதுல அம்பது அறுபது கிராம் கூடினாலும் கொறஞ்சாலும் வித்தியாசம் தெரியும். கூட அடிச்சா கூலிங் கூடும்னு நெனைக்கிறது தப்பு, கண்டென்சர்ல திரவம் தேங்கி ஹை சைடு (கம்ப்ரசர் அமுக்கித் தள்ளுற பக்கம்) பிரஷர் ஏறி கூலிங் இறங்கத்தான் செய்யும், கம்ப்ரசருக்கும் பாரம்.

இதவிட பெரிய விஷயம் ஆயில். கம்ப்ரசருக்கு தனியா ஆயில் ஊத்துற எடம்னு ஒண்ணு கிடையாது, கேஸோட சேந்து சுத்துற ஆயில்தான் அதுக்கு உயிர். கேஸ் கொறஞ்சா ஆயில் சரியா திரும்பி வராது, லீக்ல வெளிய போன ஆயில டாப்-அப் பண்றவர் அளந்து போடவும் மாட்டார். என் கம்ப்ரசர் செத்தது இப்படித்தான். கேஸ் கொறஞ்சா கம்ப்ரசர் ஓடாம இருக்கத்தான் பிரஷர் ஸ்விட்ச்னு ஒண்ணு வச்சிருக்காங்க, சில பேர் அத வயர் போட்டு பைபாஸ் பண்ணி ஓட்டிக் காட்டுவாங்க, யாராவது உங்க வண்டில அப்படி செஞ்சா உடனே தடுத்துடுங்க.

ரெண்டாவது வழி, லீக்க தானே அடைக்கும்னு சொல்லி விக்கிற சீலன்ட் கேன். இதுக்கு நான் ரொம்ப எடம் ஒதுக்கல. காத்தோ ஈரமோ பட்டா கெட்டியாகுற மருந்து அது, லீக் எடத்துல கெட்டியாகுற மாதிரியே உள்ள ஈரம் இருந்தா எக்ஸ்பான்ஷன் வால்வுலயும் கெட்டியாகும். அப்புறம் ஒழுங்கான வொர்க்ஷாப்புக்குப் போனா கேஸ உறிஞ்சி எடுக்குற அவங்க ரெக்கவரி மிஷின் கெட்டுடும்னு உங்க வண்டிய தொடவே யோசிப்பாங்க. வேணாம்.

மூணாவது வழிதான் முழுசா பாக்குறது. இருக்குற கேஸ மிஷின்ல உறிஞ்சி எடை போடுவாங்க, எத்தன கிராம் வெளிய வந்துச்சுங்கிற அந்த ஒரு நம்பர் கேஜ் சொல்லாத கதைய சொல்லிடும். அப்புறம் நைட்ரஜன் ஏத்தி பிரஷர் நிக்குதானு பாத்து, ஜாயின்ட்ல சோப்பு நுரை வச்சோ, உள்ள கொஞ்சம் ஏசி கேஸும் இருந்தா எலக்ட்ரானிக் டிடெக்டர் வச்சோ லீக்க கண்டுபிடிப்பாங்க. ஏசி கேஸ் காத்த விட கனம், அதனால டிடெக்டர ஜாயின்ட்டுக்கு அடில பிடிச்சாதான் சரியா சிக்கும். லீக் ரொம்ப சன்னமா இருந்தா யூவி டை (யூவி லைட் அடிச்சா லீக் எடத்துல ஒளிரும் சாயம்) போட்டு சில நாள் ஓட்டிட்டு வரச் சொல்வாங்க, கேஸ் ஏத்தி இறக்குற போர்ட்ல இருக்குற ஊசி வால்வுலயே கசியுறது கூட உண்டு, அத மறக்காம பாக்கச் சொல்லுங்க. லீக்க சரி பண்ணதும் வேக்யூம், அதாவது பம்ப் வச்சு உள்ள இருக்குற காத்த உறிஞ்சி எடுக்குறது, குறைஞ்சது அர மணி நேரம். வேக்யூம் காத்த எடுக்குறதுக்கு மட்டும் இல்ல, உள்ள இருக்குற ஈரம் அந்த கொறஞ்ச பிரஷர்ல சாதாரண சூட்டுலயே கொதிச்சு ஆவியா வெளிய வந்துடும். ஈரம் மிச்சம் இருந்தா வால்வுல ஐஸா அடைக்கும், ஆயிலோட சேந்து அமிலமாகி உள்ளயே அரிக்கும். கடைசில ஸ்டிக்கர்ல போட்ட கிராம் கணக்குக்கு எடை போட்டு கேஸ், போன அளவுக்கு ஆயில்.

இதுல ஒரு எடத்துல உஷாரா இருங்க. "வேக்யூம்ல முள்ளு நின்னுச்சு, அதனால லீக் இல்ல"னு சிலர் சொல்வாங்க. வேக்யூம் அதிகபட்சம் 14.7 பிஎஸ்ஐ வித்தியாசம்தான் குடுக்கும், அதுவும் வெளிய இருந்து உள்ள. ஓடும்போது ஹை சைடுல 200 பிஎஸ்ஐக்கு மேல உள்ள இருந்து வெளிய தள்ளும். வேக்யூம்ல தப்பிச்ச லீக் பிரஷர்ல மாட்டும், அதனாலதான் நைட்ரஜன் டெஸ்ட கேட்டு வாங்குங்கனு சொல்றேன்.

மூணாவது வழில குறை இல்லையானா இருக்கு. அர நாளாவது வண்டிய விடணும், கூலிங் காயில்ல லீக்னா டேஷ்போர்ட கழட்டணும், அது ரெண்டு நாள் வேல கூட ஆகும், ஒரே தடவைல செலவும் கனமா வரும். ஆனா மூணு டாப்-அப் செலவயும் கடைசில போன கம்ப்ரசர் செலவயும் கூட்டிப் பாத்தா எனக்கு எது மலிவா இருந்திருக்கும்னு தெரிஞ்சுது. டாப்-அப்புக்கு நான் ஒத்துக்கிற ஒரே சந்தர்ப்பம், நாளைக்கு வயசானவங்களோட கொழந்தைங்களோட தூரப் பயணம், இன்னிக்கு வேற வழி இல்ல, அப்பவும் கூடவே யூவி டை போடச் சொல்லுங்க, திரும்பி வந்ததும் லீக் எங்கனு அதுவே காட்டும்.

கேஸ் வகைல குழப்பிக்காதீங்க. பழைய கார் பெரும்பாலும் ஆர்134ஏ, புதுசுல நெறைய ஆர்1234ஒய்எஃப், ஐரோப்பிய யூனியன்ல 2017ல இருந்து புது கார்ல 134ஏ போடக்கூடாதுனே சட்டம். ரெண்டையும் கலக்கக் கூடாது, மாட்டுற போர்ட்டே வேற வேற அளவு, அடாப்டர் போட்டு மாத்தி அடிக்க யாராவது வந்தா ஒத்துக்காதீங்க. எல்பிஜி மாதிரி எரியுற கேஸ "நல்லா ஜில்லுனு இருக்கும்"னு அடிக்கிறவங்க உண்டு, கூலிங் காயில் லீக் ஆனா அந்த கேஸ் நேரா நீங்க உக்காந்திருக்குற கேபினுக்குள்ளதான் வரும், இதுல சமாதானமே கிடையாது. ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்ல கரண்ட்ல ஓடுற கம்ப்ரசர், அதுக்கு ஆயிலே வேற, தப்பான ஆயில் போனா உள்ள கரண்ட் கசியும், அத பழகினவங்ககிட்ட மட்டும் குடுங்க.

பார்ட்ஸ் மாத்தும்போதும் ஒரு இழுபறி வரும். கண்டென்சர் ஓட்டையானா வெல்டிங்கா புதுசானா, நான் புதுசுதான் சொல்வேன், இப்ப வர்ற கண்டென்சர்ல குழாய் ரொம்ப மெல்லிசு, ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துல மறுபடி போகும். கம்ப்ரசர்ல கிளட்ச் பேரிங் மட்டும் சத்தம்னா அத மட்டும் மாத்தினா போதும், முழுசா மாத்தணும்னு சொன்னா காரணம் கேளுங்க. ஆனா கம்ப்ரசர் உள்ளயே தேஞ்சு ஜாம் ஆகியிருந்தா கம்ப்ரசர் மட்டும் மாத்தி மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க, இரும்புத் தூள் கண்டென்சர் வரைக்கும் போயிருக்கும், அதோட சன்னக் குழாய்ல இருந்து கழுவி எடுக்குறது நடக்காத காரியம். கண்டென்சர், ஈரத்த உறிஞ்சுற ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூணும் சேந்து மாறணும், இல்லன்னா அந்தத் தூளே புது கம்ப்ரசரையும் தின்னுடும்.

வேல முடிஞ்சு வண்டிய எடுக்கும்போது மூணு நம்பர் எழுதி வாங்குங்க: எத்தன கிராம் வெளிய வந்துச்சு, எத்தன கிராம் உள்ள போச்சு, நடு வென்ட்ல எத்தன டிகிரி காத்து வருது. வெளி வெயிலப் பொறுத்து 4ல இருந்து 10 டிகிரிக்குள்ள இருந்தா நல்லா இருக்குனு அர்த்தம். என் வண்டில 450க்கு 210தான் வெளிய வந்துச்சு, அந்த சீட்ட சர்வீஸ் புக்குல ஒட்டி தேதியும் கிலோமீட்டரும் எழுதி வச்சிருக்கேன். இனிமே எப்பவாவது கூலிங் கொறஞ்சா, எடுக்குற கிராம அந்த 450ஓட வச்சுப் பாத்தா ஒரே மாசத்துல போன லீக்கா, நாலு வருஷமா கசிஞ்சதானு யார் கையில வண்டி போனாலும் தெரியும்.