ஆஸ்கு மரமா, வெங்காரத்தில் ஊறிய மரமா?

காட்பாடிப் பக்கம் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். சன்னல் சட்டம், பரண் பலகை என எதைக் கேட்டு வந்தாலும் முதல் கேள்வி, ‘கரையான் அரிக்காதே?’ அதற்கு எனக்கு இருந்த வழி இரண்டு. ஆஸ்கு மருந்து ஏற்றிய மரம். இல்லாவிட்டால் வெங்காரமும் (போராக்ஸ் உப்பு) போரிக் ஆசிடும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்த மரம்.

கரையானுக்கு இரண்டுமே போதும். ஆஸ்கு நம் நாட்டுச் சரக்குதான்: 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொன்டி காமேசம் கண்டுபிடித்தது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கலவை மரத்தோடு பிடித்துக்கொள்ளும். வெங்காரம் மழை பட்டால் கரைந்து ஓடிவிடும். வெளியில் நடும் கம்பத்துக்கு ஆஸ்குதான் கெட்டி, அதில் பேச்சே இல்லை.

ஆனாலும் வெங்காரத்துக்கு மாறிவிட்டேன். காரணம், தூளும் துண்டுக்கட்டையும்.

ஆஸ்கு ஏற்ற அழுத்தத் தொட்டி வேண்டும். அதனால் மரம் மருந்தோடுதான் வந்து சேரும், அறுப்பது நாங்கள். ரம்பம் ஓடும்போது ஆர்செனிக்கும் தூளோடு மூக்குக்குள் போகிறது; முகத்தில் கட்டும் துண்டு அதை நிறுத்தாது. வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் உள்ளங்கையும் பாதமும் காய்ப்புக் காய்த்ததுபோல் தடிக்கும். ஆசாரி கையில் காய்ப்பு இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? தோல் கறுத்து நடுநடுவே வெளிர்புள்ளி விழும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை என்று புற்றுநோய் வரைக்கும் போகலாம். அமெரிக்காவில் 2003-க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்துக்கு இதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள்.

சரி, தூளுக்கு நல்ல முகக்கவசம் வாங்கலாம். அடுப்புக்கு? பட்டறையில் கூட்டிப் பெருக்கும் அக்கா, வெந்நீர் போட தினமும் ஒரு கோணி துண்டுக்கட்டை எடுத்துப் போவார். ஒருநாள், “இந்தச் சாம்பல் நைஸா இருக்குதுண்ணா, பாத்திரம் பளபளன்னு ஆவுது” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எரித்தால் ஆர்செனிக் அழியாது. கொஞ்சம் புகையில் போகும், மிச்சம் சாம்பலில் நிற்கும்.

வெங்காரத்தில் இந்த வம்பு இல்லை. முதலில் அளவுக்கு அறுத்து, இழைத்து, அப்புறம் நம் தொட்டியிலேயே ஊறவைக்கலாம். கோணியில் போவது வெறும் வேப்பங்கட்டை. கேரம் போர்டில் தூவும் அதே போரிக் பவுடர்தான் என்றாலும் கையுறை போட்டுத்தான் கலக்குகிறோம். தொட்டிக்கு மூடி உண்டு.

மாறி இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. சன்னல்கள் இதுவரை நன்றாக இருக்கின்றன, பத்து வருஷத்துக்கு வாக்குக் கொடுக்கத் தைரியமில்லை. ஆட்டுக்கொட்டகைக்குக் கால் கேட்டு வருகிறவர்களிடம் கல்லுக்கால் நடச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.