அம்மாவுக்கு வீட்டில் ஆளா, பகல் நிலையமா?

அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய். கொழும்பு வெள்ளவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அம்மாவுக்குப் பழகிய கட்டில், பழகிய சுவர். அல்சைமர் முதலில் அண்மைய நினைவைத்தான் அரிக்கிறது; பழைய இடம் கைகொடுக்கும். ஆனால் வருபவருக்குத் தமிழ் தெரிய வேண்டும். பின்னேரமானால் அம்மா சீப்பையும் ஒரு சேலையையும் பையில் திணித்துக்கொண்டு, "யாழ்ப்பாண பஸ் வந்திட்டுதோ?" என்று வாசலில் நிற்பார். தமிழில்தானே ஆறுதல் சொல்ல முடியும்?

லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் நடத்துவது போன்ற, பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில் பாட்டு உண்டு, நாலு முகம் பார்க்கலாம். போய்வர, காலி வீதி (Galle Road) நெரிசல்தான் பாடு.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மாதக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை. அதனால் என் தெரிவு பகல் நிலையம், வாரத்தில் 2 நாளாவது. நோய் முற்றி, வெளியே போனாலே அம்மா பதறினால், அப்புறம் ஆள் வைக்கலாம்.