பீரோவில் கிடக்கும் சேஃப்டி பி.எல்.சி.யை டிரையருக்குப் போடலாமா, சாதா பி.எல்.சி. வாங்கலாமா?

காரைக்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூட்டை அடுக்கும் ரோபோவின் வேலிக்கதவு, லைட் கர்ட்டன் (ஆள் குறுக்கே வந்தால் உணரும் ஒளித்திரை), எமர்ஜென்சி ஸ்டாப் எல்லாவற்றையும் ஒரு சீமென்ஸ் 1214எஃப்சி பார்த்துக்கொள்கிறது. பி.எல்.சி. என்பது மெஷினை ஓட்டும் சிறு கம்ப்யூட்டர்; இது ஆபத்து வந்தால் மெஷினை நிறுத்தும் வேலைக்கான சேஃப்டி வகை. அதற்கு ஸ்பேராக இன்னொன்று பீரோவில் இருக்கிறது. இப்போது நெல் டிரையருக்கு ஒரு பி.எல்.சி. வேண்டும். ஸ்பேரைப் போடுவதா, அதே வரிசையில் சேஃப்டி இல்லாத சாதா 1214சி வாங்குவதா? ஸ்பேரைப் போடுங்கள், ஆனால் சேஃப்டியை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்பேன்.

வசதியில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் 14 இன்புட், 10 அவுட்புட், 2 அனலாக் இன்புட். பிடி100 வெப்ப சென்சாருக்கான எஸ்எம் 1231 மாடியூல் இரண்டிலும் உட்காரும். எஃப்சி-யில் மெமரி கொஞ்சம் கூடுதல், விலையும் கூடுதல். அதன் உடம்பிலேயே இருக்கும் 24 பாயிண்டும் சாதா பாயிண்ட்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மஞ்சள் நிற எஸ்எம் 1226 மாடியூல் பக்கத்தில் வந்தால்தான் சேஃப்டி இன்புட், சேஃப்டி அவுட்புட் கிடைக்கும்.

முடிவைத் தீர்மானிப்பது ஸ்பேர் கணக்குதான். எஃப்சி சாதா வேலையைச் செய்யும். சாதா சிபியு (பி.எல்.சி.யின் மூளைப் பெட்டி) சேஃப்டி வேலையைச் செய்யாது. ரோபோ சிபியு படுத்துவிட்டால், டிரையரில் ஓடுவதைக் கழற்றி அங்கே மாட்டலாம். டிரையருக்கு மதுரையிலிருந்து சாதா 1214சி பஸ் பார்சலில் வந்து சேரும் வரை சமாளித்தால் போதும். சாதாவை வாங்கி டிரையரில் மாட்டினால், இன்றைக்கே ஒரு சிபியு-வுக்குச் செலவு, எஃப்சி பீரோவில் சும்மா கிடக்கும். அதோடு, பீரோவில் இருப்பது நல்லதா கெட்டதா என்பது மாட்டிப் பார்க்கும் நாளில்தான் தெரியும். ஓடிக்கொண்டிருப்பதில் அந்தச் சந்தேகம் இல்லை.

இதற்கு முன்கூட்டியே செய்யவேண்டிய வேலை உண்டு. சீமென்ஸின் ப்ரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரான டிஐஏ போர்ட்டலில் சேஃப்டி பேக்கேஜ் இருந்தால், எஃப் (சேஃப்டி) சிபியு-வைச் சேர்த்ததுமே சேஃப்டி பிளாக்குகள் தானாக முளைக்கும். அவற்றை அழித்து, ப்ராப்பர்டீஸில் ஃபெயில்-சேஃப் பகுதிக்குப் போய் எஃப்-ஆக்டிவேஷனை (சேஃப்டியை இயக்கும் அமைப்பு) அணைக்க வேண்டும். அதன்பிறகு டிரையர் ப்ரோகிராமைத் திருத்த அந்த சாஃப்ட்வேரின் சின்னப் பதிப்பான ஸ்டெப்7 பேசிக் போதும், சேஃப்டி லைசென்ஸ் தேவைப்படாது. பழைய பாஸ்வேர்டு சிபியு-வில் மாட்டிக்கொண்டிருந்தால், காலி டிரான்ஸ்ஃபர் கார்டை (ப்ரோகிராமை ஏற்றும் மெமரி கார்டு) செருகி, பவரை அணைத்துப் போட்டு, மெயின்ட் விளக்கு மினுக்கியதும் கார்டை எடுங்கள். ப்ரோகிராமும் பாஸ்வேர்டும் போய்விடும். மெமரி கார்டை விண்டோஸில் ஃபார்மேட் செய்யவே கூடாது.

அதே டிரையர் ப்ரோகிராமை 1214சி-க்கு மாற்றி, கம்பைல் செய்து, ஒரு கார்டில் ஏற்றிப் பேனலில் வையுங்கள். ரோபோ ப்ரோகிராமுக்கும் தனியாக ஒரு கார்டு வேண்டும். டிரையரில் இருக்கும் சிபியு-வின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் அடிப்படை சாஃப்ட்வேர்) வெர்ஷன், ரோபோ ப்ராஜெக்டில் குறித்ததைவிடக் குறைவாக இருந்தால் ப்ரோகிராம் ஏறாது. இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மாற்றும் நாளில் சேஃப்டி சிக்னேச்சரை (சேஃப்டி ப்ரோகிராம் மாறவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்) தாளில் குறித்ததோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு எமர்ஜென்சி பட்டனையும் கதவையும் லைட் கர்ட்டனையும் தனித்தனியாகச் சோதித்த பிறகுதான் ரோபோவை ஓட்டலாம்.

பீரோவில் எஸ்எம் 1226-ம் இருக்கிறதே, அதையும் டிரையரில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அதைச் சேர்த்தால் சேஃப்டியை அணைக்க முடியாது, லைசென்ஸ் செலவும் கூடவே வரும். அதன் டிசி வகை அவுட்புட் தன்னைத்தானே சோதிக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும். காண்டாக்டருக்கு அது தெரியாது, வேகமான சாலிட் ஸ்டேட் ரிலேயும் எல்இடி விளக்கும் துடிக்கும். இன்புட்டில் கோளாறு தெரிந்தால் சேனல் பாசிவேட் ஆகி சைபராகிவிடும், ஒப்புதல் கொடுக்கும் வரை திரும்பாது. எலிவேட்டர் ஸ்பீடு சுவிட்சின் சேனல் இப்படிப் பாசிவேட் ஆகி நடுராத்திரி டிரையர் நின்றால், ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு ஏன் என்றே புரியாது.

சாதா வாங்குவதுதான் சரி என்று சொல்லவேண்டிய இடமும் உண்டு. டிரையர் பேனல் உமித்தூளும் சூடும் படும் இடத்தில் இருந்தால், ஸ்பேரை அங்கே தேய்த்துவிடாதீர்கள். சிபியு தாங்கும் சூட்டுக்கு வரம்பு உண்டு, ரெயிலில் செங்குத்தாக மாட்டினால் அது கிடையாக மாட்டுவதைவிடப் பத்து டிகிரி குறையும். சித்திரை வெயிலில் மூடிய பேனலுக்குள் அந்த அளவு ஏறிவிடும். ஸ்பேர் 1500 வரிசையில் எஃப் சிபியு என்றால் ஸ்டெப்7 ப்ரொஃபஷனல் வேண்டும், டிரையருக்கு அது மிகை. ராக்வெல்லின் கார்ட்லாஜிக்ஸ் போன்ற வேறு கம்பெனி சிஸ்டங்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே நீட்ட நான் துணியமாட்டேன்.

எதைப் போட்டாலும் பாய்லரின் தண்ணீர் மட்ட டிரிப்பும் டிரையரின் எமர்ஜென்சி ஸ்டாப்பும் வயரிங்கிலேயே இருக்கட்டும். சிபியு மேல் இருக்கும் எஃப் எழுத்தைப் பார்த்து, அடுத்து வருகிறவர் இதில் சேஃப்டி இருப்பதாக நம்பிவிடுவார். பேனல் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: "சாதா வேலை மட்டும். எமர்ஜென்சி இதில் இல்லை."