கிரைண்டரா, கடை மாவா?

கடலூரில் சாயங்காலம் மஞ்சக்குப்பம் பக்கம் போனால் மளிகைக் கடை வாசலிலேயே இட்லி மாவு கிடைக்கும். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இது வசதிதான். ஆனால் நேரம் மிச்சமா?

வீட்டில் மாவு அரைக்க மொத்தம் ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பார்கள். அதில் நான்கு மணி நேரம் அரிசி தானே ஊறுகிறது, நாம் அங்கே நிற்க வேண்டியதில்லை. உளுந்து அரைபட அரை மணி, அரிசிக்கு இன்னொரு அரை மணி. அப்போதும் இடையிடையே தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டால் போதும், பக்கத்தில் துணி மடிக்கலாம். உண்மையில் நாம் நின்று செய்ய வேண்டிய வேலை கல்லைக் கழுவுவதுதான். அது எனக்கும் பிடிக்காது. நாலுக்கு ஒன்று உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் ஃபிரிட்ஜில் வியாழன் வரை ஓடும்.

கடை மாவில் கழுவும் வேலை இல்லை. ஆனால் தினமும் வண்டியை எடுக்க வேண்டும். நம் கடலோர வெயிலில், சித்திரை, வைகாசியில், வெளியே வைத்த பாக்கெட் மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது. அப்புறம் அது தோசைக்குத்தான்.

வாரத்தில் மூன்று நாளாவது இட்லி, தோசை என்றால் கிரைண்டரே லாபம். எப்போதாவது என்றால் கடை மாவு போதும். மார்கழிக் குளிரில் வீட்டு மாவு சீக்கிரம் பொங்காது, அந்த மாதம் மட்டும் நானும் பாக்கெட்தான்.