ஆடிக் காற்றிலும் எரியாத எல்இடி: பொம்மைக் காற்றாலை கிட் வாங்கலாமா?

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் நுழைந்துவிட்டால், செப்டம்பர் வரை நெல்லைச் சீமையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் காற்றாலைகளைப் பார்த்தே வளர்கிறவர்கள். அவர்கள் கையில் கொடுக்கிற பொம்மைக் காற்றாலை ஆடிக் காற்றில்கூட ஒரு விளக்கை எரிக்கவில்லை என்றால், 'காற்றில் கரண்ட் எடுப்பதெல்லாம் சும்மா' என்று பிள்ளை நினைத்துவிடும். அறிவியல் கண்காட்சி சமயத்தில் ஸ்டேஷனரி கடைகளில் 300, 400 ரூபாய்க்கு வரும் பெயரில்லாத கிட்டின் பெரிய குறை இதுதான். ஆனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதில் பெரிய தப்பு ஒரே ஒரு பாகத்தில்தான், மற்றவை சின்னத் திருத்தங்கள்.

பெட்டிக்குள் 20 செ.மீ. விட்டத்துக்கு மூன்று பிளாஸ்டிக் இறக்கைகள், நடுக்குமிழ், ஓரடி உயரக் கம்பம், அடித்தட்டு, ஒயர், வெள்ளை எல்இடி, ஒரு '130' மோட்டார். அரை மணி நேரத்தில் கோர்த்துவிடலாம். இறக்கைகள் மூன்றும் ஏறக்குறைய ஒரே எடை, குமிழும் ஆட்டமில்லாமல் உட்காருகிறது. இந்த விலைக்கு இவை நன்றாகவே இருக்கின்றன.

கோளாறு மோட்டாரில். 130 என்பது பொம்மைக் கார்களில் வரும் மோட்டார். 3 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவில் ஓடும். மோட்டாரின் தண்டை நாம் சுற்றினால் அதுவே ஜெனரேட்டர் போலக் கரண்ட் தரும். ஆகவே அதையே திருப்பிக் கணக்குப் போடுங்கள்: 3 வோல்ட் வேண்டுமானால் நாம் அதைப் பத்தாயிரம் சுற்று சுற்ற வேண்டும். இந்த இறக்கையின் நுனி, காற்றைப் போல மூன்று மடங்கு வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 5 மீட்டர் காற்றில் கிடைப்பது நிமிடத்துக்கு 1,400 சுற்றுதான். அதாவது அரை வோல்ட்டுக்கும் கீழே. வெள்ளை எல்இடிக்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். எப்படி எரியும்? முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளில் பலவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. மெதுவாகச் சுற்றும் இறக்கைக்கும் வேகமாகச் சுற்ற வேண்டிய ஜெனரேட்டருக்கும் நடுவே அங்கே பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. பொம்மையில் பல்சக்கரம் போட்டால் உராய்வே பாதி சக்தியைத் தின்றுவிடும். மெதுவாகச் சுற்றினாலே வோல்ட் தரும் மோட்டாரைப் போடுவதுதான் வழி.

அது பழைய டிவிடி பிளேயருக்குள் இருக்கிறது. டிஸ்க்கைச் சுற்றும் தட்டையான வட்ட மோட்டார், பெரும்பாலும் 'ஆர்எஃப்-300' வகை, 24 மி.மீ. அகலம். ரிப்பேர் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 3 வோல்ட்டுக்கு இது மூவாயிரத்துச் சொச்சம் சுற்றுதான் ஓடும். ஆகவே அதே 1,400 சுற்றில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தரும். கம்ப்யூட்டர் டிரைவில் டிஸ்க்கைச் சுற்றுவது பிரஷ் (சுழலும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் கடத்தும் பாகம்) இல்லாத வேறு ரகம், நேரடியாக உதவாது. அதில் டிரேயை வெளியே தள்ளும் சின்ன மோட்டாரை எடுக்கலாம். எது நல்லது என்று தெரிய வேண்டுமா? வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை மோட்டாரின் ஒயர்களில் இணைத்து, டிசி 20 வோல்ட்டில் வைத்து, தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வெடுக்கென்று சுண்டுங்கள். எது அதிகம் காட்டுகிறதோ அதுவே நம் மோட்டார்.

கிட் மோட்டார், டிவிடி மோட்டார் இரண்டுக்கும் தண்டு 2 மி.மீ. என்பதால் கிட்டின் குமிழ் அப்படியே ஏறும். டிவிடி மோட்டாரின் மேல் உள்ள பிளாஸ்டிக் தட்டை இரண்டு ஸ்க்ரூடிரைவரால் இரு பக்கமும் சமமாக நெம்பிக் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் தண்டு வளைந்துவிடும். கம்பத்தின் தாங்கியில் வட்ட மோட்டார் உட்காராது. இரண்டு கேபிள் டையால் இறுக்கிக் கட்டினால் போதும். பெவிகுவிக் வேண்டாம், தண்டின் ஓரமாகக் கசிந்தால் மோட்டாரே போச்சு.

வெள்ளை எல்இடியைக் கழற்றிவிட்டு சிவப்பு போடுங்கள். அதற்கு 1.8 வோல்ட் போதும். நொடிக்கு 8 மீட்டர் காற்றில், அதாவது மணிக்கு 29 கி.மீ., பளிச்சென்று எரியும். எரியாவிட்டால் முதலில் எல்இடியின் கால்களை மாற்றிப் பாருங்கள், பாதிப் புகார் அதோடு தீர்ந்துவிடும். வெள்ளைதான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு ஃபெரைட் வளையம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, குறைந்த வோல்ட்டை உயர்த்தித் தரும் 'ஜூல் தீஃப்' மின்சுற்று செய்யலாம். அது ஒரு வோல்ட்டிலேயே வெள்ளையை எரிக்கும்.

இறக்கையின் சாய்வையும் பார்க்க வேண்டும். கிட்டில் வருவது மின்விசிறி போல நிறையச் சாய்ந்திருக்கிறது. சீக்கிரம் சுற்றத் தொடங்கும், ஆனால் வேகம் ஏறாது. நுனிப்பக்கம், இறக்கை சுற்றும் தளத்திலிருந்து 10 முதல் 15 டிகிரி மட்டும் சாயும்படி திருப்பி வையுங்கள். குழிந்த பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். பனையோலையைக் கிழித்து உடைமுள்ளில் குத்திக் காத்தாடி விட்ட கைகளுக்கு இந்தச் சாய்வு சொல்லாமலே புரியும்.

ரீசார்ஜ் பேட்டரியை நேராக இணைத்துவிடாதீர்கள். காற்று நின்றதும் பேட்டரி மோட்டாரை ஓட்டும், காற்றாலை மின்விசிறியாகிவிடும். நடுவில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்5819 டயோடு ஒன்று வேண்டும். சாதாரண 1என்4007 போட்டால் 0.7 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும், நம்மிடம் அவ்வளவு மிச்சமில்லை.

கம்பம்தான் கிட்டின் இரண்டாவது பலவீனம். ஓரடிக் கம்பத்தைத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வைத்தால் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று குழம்புகிறது, இறக்கை ஓடி ஓடி நிற்கும். அரை இஞ்சு பிவிசி குழாய் ஆறடி வாங்கிச் சுவருக்கு மேலே நிற்கும்படி கட்டுங்கள். காற்றுக்கு முகம் திருப்ப ஒரு வாலும், ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608 பேரிங்கும் சேர்த்தால் இன்னும் நல்லது.

கண்காட்சி மேசைக்கு மட்டும் என்றால் கிட்டை அப்படியே வாங்காதீர்கள், டேபிள் ஃபேன் முன்னால் ஏமாற்றும். மோட்டாரையும் எல்இடியையும் மாற்றத் தயார் என்றால் கிட்டுக்கு மதிப்பெண் 5-க்கு 4. சாரல் காலத்தில் மோட்டாரின் பின்பக்கத் துளை வழியே ஈரம் புகுந்து பிரஷ் கெடும். காலி மாத்திரை டப்பாவில் தண்டுக்குத் துளை போட்டு மோட்டாரின் மேல் கவிழ்த்துவிடுங்கள். ஒயர் வெளிவரும் வழி மட்டும் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.