பெயின்ட் அடிச்ச துருவுக்கு 1,480 வெள்ளி: பழைய காடி (கார்) வச்சிருக்கிறவங்க படிங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிட்டா "போனது போகட்டும்"னு விட்டுடுவேன், என்னை ஏமாத்தின பட்டறைக்காரனும் அதைத்தான் எதிர்பார்க்கிறான். போனது 1,480 வெள்ளி (ரிங்கிட்). வாங்கினது பினாங்குத் தீவுல இருக்கிற ஒரு சின்னப் பட்டறை. பேர் சொல்லப்போறதில்லை. நம்ம தமிழ் ஆள் நடத்துறது, வாசல்ல சாமி படம், உள்ளே காடி தூக்குற ஹொய்ஸ்ட், ரெண்டு மூணு பையன்கள். இந்த மாதிரி நல்ல பட்டறையும் நிறைய இருக்கு, அவங்களுக்கு இது இல்ல.

என் காடி 2009-ல எடுத்த பெரோடுவா வீவா. வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ்ல, ஷிப்ட் வேலை. தினம் பினாங்குப் பாலத்தைத் தாண்டித்தான் போகணும். அந்த 13.5 கிலோமீட்டர் பாலத்துல 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல போகுது. இத்தனை வருசம் உப்புக் காத்து குடிச்ச காடி, போதாததுக்கு மழை நாள்ல வீட்டுப் பக்கம் தேங்குற தண்ணி. அடியில துரு வராம என்ன வரும்? துரு மேல எனக்குக் கோபமே இல்ல. வயசான காடி, செலவு வைக்கும், தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்.

மேடு ஏறி இறங்கும்போது முன்பக்கம் கட கடன்னு சத்தம். கூட வேலை செய்யிற ஒருத்தர் சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனேன். இந்த இடத்தைத்தான் நீங்க கவனமா படிக்கணும், ஏன்னா அவன் செஞ்சது எதுவுமே ஏமாத்துற ஆள் செய்யிற மாதிரி இல்ல. காடியைத் தூக்கினதும் "வாங்கண்ணே, உங்க கண்ணால பாருங்க"ன்னு என்னையே அடியில கூப்பிட்டான். டார்ச் அடிச்சு லோவர் ஆர்மை, அதாவது முன் சக்கரத்தைக் காடியோட பிடிச்சு வைக்கிற இரும்புக் கையைக் காட்டினான். ஸ்க்ரூ டிரைவரால ஒரு குத்து குத்தினான், துரு பட்டை பட்டையா உரிஞ்சு என் சட்டை மேல கொட்டுச்சு. உடனே துணி எடுத்து அவனே என் தோளைத் துடைச்சு விட்டான். பின்னாடி ஸ்பிரிங் உட்கார்ற கிண்ணத்துல சேறும் துருவும் அடைச்சுக் கிடந்தது. "கீழ் வளையம்தான் அண்ணே முதல்ல ஒடையும், தண்ணி அங்கதான் நிக்கும். பாலத்து நடுவுல ஒடஞ்சா என்ன செய்வீங்க? பிள்ளைங்க ஏறுற காடி"ன்னான். சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் எரிச்சல். நோயைச் சரியா சொன்னவன் மருந்தும் சரியா கொடுப்பான்னு யார்தான் நம்ப மாட்டாங்க?

முன் லோவர் ஆர்ம் ரெண்டு பக்கமும், அப்சோர்பர் நாலு, பின் ஸ்பிரிங் ரெண்டு, புஷ் (இணைப்புல அதிர்வைத் தாங்குற ரப்பர்), லிங்க் (சின்ன இணைப்புக் கம்பி), கூலி எல்லாம் சேர்த்து 1,650 சொன்னான். நான் வாயே திறக்கல, அவனே "நம்மாளு, 1,480 கொடுங்க போதும்"னு குறைச்சான். பையனை அனுப்பி கோப்பி ஓ வாங்கி வரச் சொன்னான். பாகம் எடுக்கணும்னு 800 முன்பணம் கேட்டான், அங்கேயே கியூஆர் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். கிளம்பும்போது, "தம்பி, கழட்டுற பழைய சாமானை எடுத்து வைங்க, நான் பார்க்கணும்"னு தெளிவா சொல்லிட்டுத்தான் வந்தேன். "கண்டிப்பா அண்ணே"ன்னு தலையாட்டினான்.

மறுநாள் சாயங்காலம் காடி ரெடி. அடியில எல்லாம் பளபளன்னு கறுப்பு. "பாருங்க அண்ணே, புதுக் காடி மாதிரி"ன்னான். பழைய சாமான் எங்கேன்னு கேட்டேன். "பழைய இரும்புக்காரன் காலையிலேயே வந்து அள்ளிட்டுப் போயிட்டான் அண்ணே, பையன் கவனிக்காம கொடுத்துட்டான்." பக்கத்துல நின்ன பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அப்போ நான் பாவப்பட்டேன், என்னால திட்டு வாங்குறானேன்னு. மீதி 680 கட்டினேன். ரிசிட்டுல ஒரே வரி: சஸ்பென்ஷன் வேலை, 1,480. மூணு மாசம் வாரண்டின்னு கையால எழுதி சாப் (முத்திரை) அடிச்சுக் கொடுத்தான்.

கொஞ்ச நாள் சத்தமே இல்ல. அப்புறம் ரெண்டு மழைக்குப் பிறகு அதே கட கட, கூடவே காடி இடப்பக்கம் இழுக்க ஆரம்பிச்சது. லோவர் ஆர்ம் மாத்தினா சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மென்ட் பார்க்கணும், அதையும் அவன் செய்யல. சரின்னு பட்டர்வொர்த்துல ஒரு டயர் கடைக்குப் போனேன். அங்க ஒரு சீன அங்கிள், அதிகம் பேச மாட்டார். காடியைத் தூக்கினார், அடியில போனார், பாக்கெட்டுல இருந்து சாவியை எடுத்து லோவர் ஆர்ம்ல ஒரு கீறு கீறினார். கறுப்பு பெயின்ட் தோல் மாதிரி உரிஞ்சு வந்தது. உள்ளே அதே பழைய பழுப்புத் துரு. "எதை மாத்தினாங்க?"ன்னு மலாய்ல கேட்டார். நான் பட்டியல் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்ல.

ஒவ்வொண்ணா காட்டினார். லோவர் ஆர்ம் போல்ட்டு தலையில ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்ல, காஞ்ச சேத்து மேலேயே பெயின்ட் அடிச்சிருக்கு. இத்தனை வருசம் கழட்டாத போல்ட்டு புஷ்ஷுக்குள்ள இருக்கிற இரும்புக் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டிக்குமாம். சூடு காட்டணும், இல்லன்னா அறுத்துத்தான் எடுக்கணும், லேசுல வராதுன்னார். புஷ் ரப்பர்ல வெடிப்பு, வெடிப்புக்குள்ளேயும் கறுப்பு பெயின்ட். லோவர் ஆர்ம் நுனியில இருக்கிற உருண்டை இணைப்பு, பால் ஜாயின்ட், அதோட ரப்பர் கிழிஞ்சு கிரீஸ் வழியுது, அந்தக் கிரீஸ் மேலயும் பெயின்ட்! பின் ஸ்பிரிங் வெளியே தெரியிற வளையம் மட்டும் கறுப்பு, கிண்ணத்துக்குள்ள சேறு அப்படியே இருக்கு. அப்சோர்பர்ல ஒண்ணு எண்ணெய் கசியுது. மொத்தக் காடியிலயும் புதுசா இருந்தது முன்னாடி ரெண்டு சின்ன ஸ்டெபிலைசர் லிங்க் மட்டும்தான். அதனாலதான் கொஞ்ச நாள் சத்தம் அடங்கி இருந்திருக்கு.

இன்னொண்ணும் சொன்னார். துருவைச் சுரண்டாம மேலே பெயின்ட் அடிச்சா ஈரம் உள்ளேயே மாட்டிக்கிட்டு இன்னும் வேகமா அரிக்கும். அதாவது 1,480 கொடுத்து என் காடியை முன்ன இருந்ததைவிட மோசமாக்கி வாங்கியிருக்கேன். இரும்புக்காரன் அள்ளிட்டுப் போனதா சொன்ன சாமான் அத்தனையும் என் காடியிலேயே தொங்கிக்கிட்டு இருக்கு!

இனிமே வர்றது சாக்குப்போக்குப் படலம். முதல் போன்ல, "அண்ணே, அது துருப்பிடிக்காம இருக்க அடிக்கிற கோட்டிங், புது சாமானுக்கும் அடிப்போம்." அப்போ கோட்டிங்குக்குக் கீழே துரு எப்படி வந்ததுன்னு கேட்டேன், லைன் கட். அடுத்து, "ஸ்டாக் வரல அண்ணே, தற்காலிகமா பழசையே போட்டு வச்சோம், சொல்ல மறந்துட்டேன்." சரி, ஸ்டாக் எப்போ வரும்? "பாஸ் கிட்ட கேக்கணும்." இத்தனை நாளா இவன்தான் பாஸ்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன், இப்போ புதுசா ஒரு பாஸ்! அந்த பாஸ் கூலிம் போயிருக்காராம், ஈப்போ போயிருக்காராம். நேரா போனா கணக்கு எழுதுற பொண்ணு, "அங்கிள், அவர் இப்பத்தான் வெளியே போனார்." அவனோட மோட்டார் சைக்கிள் வாசல்லயே நிக்குது. வாட்ஸ்அப்ல படம் எல்லாம் அனுப்பினேன், ரெண்டு நீல டிக், பதில் இல்ல. கடைசியா ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ்: "நீங்க வேற கடையில காடியைத் தூக்கிட்டீங்க, வாரண்டி செல்லாது. இனிமே எனக்கு சம்பந்தம் இல்ல." அண்ணே எல்லாம் போயிடுச்சு, கவனிச்சீங்களா.

பழைய காடியில துரு பார்க்கிறது எப்படின்னு விரிவா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குது, முடியல. அவசரத்துக்கு இது போதும்: வேலைக்கு விடுறதுக்கு முன்னாடியே பழைய பாகத்து மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு போன்ல படம் எடுத்து வைங்க. புது சாமானைப் பெட்டியோட காட்டச் சொல்லுங்க. ரிசிட்டுல ஒவ்வொரு பாகமும், இடமா வலமா, புதுசா ஹாஃப்கட்டான்னு (பழைய காடியில இருந்து கழட்டினதான்னு) தனித்தனியா எழுதி வாங்குங்க. அடியில எல்லாம் ஒரே கறுப்பா பளபளத்தா சாவியால கீறிப் பார்த்துட்டு மீதிக் காசைக் கொடுங்க. கழட்டின சாமான் கண்ணுல படாம ஒரு காசு கொடுக்காதீங்க, இரும்புக்காரன் கதை எல்லாம் வேணாம்.

பட்டறைக்காரங்க வேலை விவரத்தை வாடிக்கையாளர்கிட்ட வெளிப்படையா சொல்லணும்னு 2002-லேயே விதிமுறை வந்தாச்சு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், மனு கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்ல, மூணு வருசத்துக்குள்ள போடணும். ரிசிட்டு, கியூஆர் கட்டின சான்று, படங்கள், அந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் எடுத்து வச்சாச்சு. டயர் கடை அங்கிளும் தான் பார்த்ததை எழுதிக் கொடுக்கிறேன்னுட்டார். 1,480-ஐ மட்டும் இல்ல, அங்கிளுக்குக் கொடுத்த அலைன்மென்ட் காசையும் சேர்த்துத்தான் கேக்கப் போறேன்.